ரோபோவுக்குச் சடங்கு

பனையடிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளியின் ரோபோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு வயதுக்கு வந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் அப்போது அறிவியல் பாடம் எடுக்கும் எஸ்தர் டீச்சரின் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்ததுதான். எட்டு மீட்டர் நீளமுள்ள கறுப்புக் கோட்டின் மேல் ரோபோ எத்தனை விநாடியில் ஓடி முடிக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மீட்டர் வரை ஒழுங்காக வந்த ரோபோ அங்கே நின்று, கொஞ்சம் யோசித்து, கோட்டை விட்டு விலகி, வகுப்பறை மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தன் இரண்டு விளக்குகளையும் அணைத்துக்கொண்டது. அது நின்றிருந்த இடத்தில் எட்டணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. அதன் உடம்பில் சிவப்பாக ஒழுகக்கூடியது எதுவும் கிடையாது. ஒரு பிஸ்கட் டின், இரண்டு மோட்டார், நாலு பேட்டரி, கோட்டைப் பார்ப்பதற்கு அடியில் இரண்டு கண், மூளைக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சை அட்டை, அவ்வளவுதான் அது.

சத்துணவுக்கூடத்திலிருந்து கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்த முத்துக்கனி, தரையைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டுக் குலவை போட்டாள்.

“என்ன டீச்சர் முழிச்சுக்கிட்டு நிக்கிய? பிள்ள பெரிய மனுஷி ஆயிட்டா. நேரத்தக் குறிச்சீகளா?”

எஸ்தர் டீச்சர் சொல்ல நினைத்தது வேறு. ஆனால் கேள்வி நேரத்தைப் பற்றியதாக இருந்ததால் ஸ்டாப்வாட்சைப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “பத்து நாப்பது” என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வேறு எதையும் சொல்வதற்கு இடமில்லாமல் போயிற்று.

ரோபோவைச் செய்தவள் ஏழாம் வகுப்புக் கோமதிப்ரியா. கூட மாட ஒத்தாசை செய்தவள் அவள் தோழி சொர்ணா. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கான ரோபோப் போட்டி அடுத்த வாரம் வியாழக்கிழமை திருநெல்வேலியில் ஒரு பொறியியல் கல்லூரியில் நடப்பதாக இருந்தது. அதற்குக் கம்ப்யூட்டரில் பெயர் கொடுக்கும்போது, ரோபோ ஆணா பெண்ணா, பிறந்த தேதி என்ன என்று கேட்டு, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன் என்று படிவம் அடம்பிடித்ததால், தலைமையாசிரியர் பெண் என்று போட்டு, கைக்கு எட்டிய வருகைப் பதிவேட்டில் முதலில் கண்ணில் பட்ட கோமதிப்ரியாவின் பிறந்த தேதியையே எழுதி அனுப்பியிருந்தார். கணக்குப்படி ரோபோவுக்குப் பன்னிரண்டு வயதும் நாலு மாதமும். சரியான வயதுதான் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

கோமதிப்ரியா மட்டும் ரோபோவின் முதுகைப் பார்த்தபடி, ‘நீயாவது வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல’ என்று மனதுக்குள் திட்டினாள். ஏனென்றால் அவள் வயதுக்கு வந்து அன்றோடு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது, அக்காவுக்குத் தெரியாது, சொர்ணாவுக்குக்கூடத் தெரியாது. பள்ளிக்கூட பீரோவில் பெரிய பிள்ளைகளுக்காக வைத்திருந்த பாக்கெட்டுகளில் மூன்று குறைந்ததை எஸ்தர் டீச்சர் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா செண்பகவல்லி சதுரங்கத்தில் மாவட்டம் வரைக்கும் போகத் தேர்வாகியிருந்த வாரத்தில் வயதுக்கு வந்தாள். பதினாறு நாள் தென்னை ஓலைக் குச்சில் தனியாக உட்கார்ந்தாள். பதினேழாம் நாள் அம்மா அவளுக்குத் தலை சீவிவிட்டு, இனிமேல் வெளியூருக்குப் பஸ் ஏறுகிற வேலையெல்லாம் கிடையாது என்று சொன்னாள். அக்கா இப்போது அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள். கோமதிப்ரியாவுக்குத் தேவைப்பட்டது அந்த வியாழக்கிழமை ஒன்றுதான். அதுவரைக்கும் சின்னப் பிள்ளையாக இருந்துவிட்டால் போதும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தகர டப்பா முந்திக்கொண்டது.

ஊர் மளமளவென்று வேலையில் இறங்கியது. தாய்மாமன் யார் என்ற கேள்விக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. மோட்டாரையும் அட்டையையும் கொடுத்தது பஸ் ஸ்டாப்பில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுடலைமுத்துதான் என்பதால் பிறந்த வீடு அவர் கடைதான் என்று முத்துக்கனி தீர்ப்புச் சொன்னாள். சுடலைமுத்துவுக்கு ஐம்பது வயது, கூடப் பிறந்தவர்கள் இல்லை, கல்யாணமும் இல்லை. இத்தனை வருடமாக ஊரில் யார் வீட்டுச் சடங்குக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர். செய்தி சொன்னபோது அவர் கையில் பிரித்துப்போட்ட மிக்ஸி ஒன்று இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, “எனக்கா?” என்று கேட்டார். “எனக்கா?” என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு கடையை இழுத்துப் பூட்டிவிட்டுத் தென்னை ஓலை வெட்டப் போனார்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அவர் கட்டிய குச்சு ஒரு ஆள் தாராளமாக உட்காரும் அளவில் இருந்தது. ரோபோ ஒரு சாண் உயரம்தானே என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, “குச்சுக்கு ஒரு அளவுதான் சார். அதுல கூட்டக் குறைக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். காத்துக் கருப்பு அண்டாமலிருக்கப் பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு வைக்க வேண்டும் என்பது வழக்கம். இரும்புக்கு எதற்கு இரும்பு என்று ஒரு கட்சியும், வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று ஒரு கட்சியும் வெகுநேரம் வாதாடி, கடைசியில் ஒரு கட்டு வேப்பிலை வைப்பதென்று முடிவாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது ரோபோவை இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். ஜோசியர் பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஜாதகம் எழுதி, நல்ல இடத்தில் வாக்கப்படும், ஊர் சுற்றுகிற அமைப்பு இருக்கிறது, தண்ணீரில் மட்டும் கண்டம் என்றார். அதைக் கேட்டு எஸ்தர் டீச்சர் முதன்முறையாக ஜோசியத்தை ஒத்துக்கொண்டார்.

உளுந்தங்களி வந்தது, கருப்பட்டி வந்தது, நாட்டுக்கோழி முட்டை வந்தது. நல்லெண்ணெயை மட்டும் ரோபோ எடுத்துக்கொண்டது. காலையில் இரண்டு சொட்டு, மாலையில் இரண்டு சொட்டு என்று முத்துக்கனி பல்சக்கரத்தில் விட விட, அதன் கரகரப்பு போய்க் குரல் குழைந்துவிட்டதென்று பார்க்க வந்த பெண்கள் சொன்னார்கள். சுடலைமுத்து இருபத்தொரு தட்டில் மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். பழத் தட்டு, பூத் தட்டு, வளையல் தட்டு, ஒரு சாண் பட்டுப்பாவாடை, அப்புறம் ஒரு தட்டு நிறைய பேட்டரி, ஒரு தட்டில் கிரீஸ் டப்பா. பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். அதில் ரோபோ நடுவில் சிரித்தது. அது எப்படிச் சிரித்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாளே ரைஸ்மில்காரர் வந்து, தன் மில்லில் புதிதாக ஒரு மிஷின் இருக்கிறது, நல்ல குணம், கல்லைத் தனியாக அரிசியைத் தனியாகப் பிரித்துவிடும், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை என்று சாடையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடக்க நடக்கக் கோமதிப்ரியாவின் அம்மா பேச்சித்தாய்க்கு முகம் கறுத்துக்கொண்டே வந்தது. இரண்டு வருடமாக அவள் பெட்டியில் ஒரு பட்டுப்பாவாடை காத்திருந்தது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையை நறுக்குகிற சாக்கில் மகளைப் பார்த்துச் சொன்னாள்.

“நேத்துச் செஞ்ச டப்பாக்கு நடந்துட்டு. எம்மவளுக்கு என்ன குறைச்சல்? மூணு வேளையும் திங்கா.”

“அத எங்கிட்ட கேட்டா?” என்றாள் கோமதிப்ரியா.

“வேற யார்ட்டட்டி கேப்பேன், ரைஸ்மில் மிஷின்ட்டயா?”

செண்பகவல்லி தலை நிமிராமல் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றியபடியே ஒருமுறை தங்கையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், திரும்பவும் குனிந்துகொண்டாள்.

அந்த ஊர் வழக்கத்தில் வயதுக்கு வராத பிள்ளைகள் குச்சுக்குள் போகக் கூடாது. அதனால் கோமதிப்ரியாவும் சொர்ணாவும் ரோபோவின் பக்கத்திலேயே போக முடியவில்லை. போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது, ரோபோவின் இடது கண் கோட்டைச் சரியாகப் பார்க்காமல் வளைவுகளில் தடுமாறுகிறதை இன்னும் திருத்தவில்லை. தான் ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே போய்விடலாம் என்று கோமதிப்ரியாவுக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த குச்சு தனக்குத்தான் என்பதும் தெரியும். ஆகவே தினமும் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓலைக்கு வெளியே குந்திக்கொண்டு, உள்ளேயிருந்த முத்துக்கனிக்குப் பாடம் நடத்தினாள்.

“சித்தி, நீல ஒயரு தெரியுதா?”

“எந்த நீலம்? ஸ்கூல் பாவாட நீலமா, சொட்டு நீலமா?”

“சொட்டு நீலம். அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன திருகாணி இருக்கும். அதக் கால் சுத்து சுத்துங்க.”

“சுத்திட்டேன்.”

“என்ன பண்ணுது?”

“வெக்கப்படுதா.”

சொர்ணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோமதிப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியே எட்டாம் நாளுக்குள் முத்துக்கனி இரண்டு கண்ணையும் சரிசெய்து, தளர்ந்த சக்கரத்தை முடுக்கி, பேட்டரி மாற்றி, ஒன்பதாம் நாள் சத்துணவுக்கூடத்து மிக்ஸி நின்றபோது யாரையும் கூப்பிடாமல் தானே கழற்றிப் போட்டு ஓடவைத்தாள்.

பத்தாம் நாள் போட்டி. பதினாறாம் நாளுக்கு முன்னால் ரோபோ குச்சை விட்டு வரக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. போட்டிக்குப் போகாவிட்டால் பிள்ளைகள் உழைப்பு வீண் என்பதிலும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தலைமையாசிரியர் இரண்டையும் நினைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, சுடலைமுத்து ஒரு குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆறு பேரைக் கூட்டிக் குச்சை அலுங்காமல் தூக்கி ஏற்றிவிட்டார். பின்னால் வேனில் இருபது பெண்கள் ஏறிக்கொண்டார்கள். பேச்சித்தாயும் ஏறினாள். சின்னப் பிள்ளைதானே, நானும் கூட வருகிறேன், போய்விட்டு வரட்டும் என்று அவள் சொன்னதைக் கேட்டுக் கோமதிப்ரியா வேனின் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரி அரங்கில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது பள்ளிகள் வந்திருந்தன. டை கட்டிய பிள்ளைகளின் ரோபோக்கள் பளபளவென்று மேசைகளில் உட்கார்ந்திருந்தன. அவற்றின் நடுவே குச்சு வந்து இறங்கியபோது ஓலை வாசனை எல்லோரையும் ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்கவைத்தது.

“இது என்ன?” என்றார் தலைமை நடுவர்.

“குச்சு” என்றார் சுடலைமுத்து.

“ரோபோ எங்க?”

“உள்ள இருக்கா.”

“வெளிய எடுங்க.”

“அது எப்படி எடுப்பாக?” என்று இருபது பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

நிலைமையை விளக்கியதும் ஆண் நடுவர்கள் இருவரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது நடுவரான இளம் பேராசிரியை ஓலையை விலக்கிப் பார்த்துவிட்டு, “இருக்கு சார். பட்டுப்பாவாட கட்டியிருக்கு” என்றார். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் ரோபோ இருக்கக் கூடாது என்று விதி இருப்பதைத் தலைமை நடுவர் நினைவுபடுத்தினார். அது ரோபோவுக்குத்தானே, ரோபோ குடியிருக்கிற வீட்டுக்கு என்ன அளவு என்று எஸ்தர் டீச்சர் கேட்டார். விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். வீட்டைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

மைக்கில் பெயர் அழைத்தார்கள். சுவரில் பெரிய சிவப்பு எண்களில் தொண்ணூறு என்று விழுந்தது. தொண்ணூறு விநாடிக்குள் ரோபோவை முடுக்கிக் கோட்டில் விட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. முத்துக்கனி சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து உள்ளே போகப் போனாள்.

“மேடம், மேடம்! டீம் மெம்பர் தவிர யாரும் தொடக் கூடாது. ஆறாங்கிளாஸ்லருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும்தான்” என்று மைக் பிடித்த பையன் ஓடிவந்தான்.

“நானும் எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதான் தம்பி.”

“இப்ப படிக்கணும் மேடம்.”

“அப்ப நான் போறேன்” என்று சொர்ணா முன்னால் வந்தாள். நாலு பெண்கள் அவளை இழுத்துப் பிடித்தார்கள். வயதுக்கு வராத பிள்ளை எப்படி உள்ளே போகும்? சுவரில் எழுபது என்று இருந்தது. போட்டியின் விதிக்கு ஒரு சின்னப் பிள்ளை வேண்டும், ஊரின் விதிக்கு ஒரு பெரிய மனுஷி வேண்டும், இரண்டுமாக இருக்கிற ஒருத்தி அரங்கில் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுபத்திரண்டு.

கோமதிப்ரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரிலிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மகளின் ரோபோ தோற்கப்போகிறதே என்ற கவலையோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு. அந்தக் கவலை உண்மையானது என்பதுதான் கோமதிப்ரியாவுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. ஐம்பத்தைந்து.

“நான் போகலாம்” என்றாள்.

“நீ எப்படிட்டி போவ?” என்றாள் முத்துக்கனி.

“போகலாம் சித்தி. முப்பத்தஞ்சு நாளாச்சு.”

பேச்சித்தாய் மெல்லத் திரும்பினாள். அவள் முகத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நாலைந்து முகங்கள் வந்துபோயின.

“நேரம் பாத்தியா?”

“இல்லம்மா.”

“நேரங்கூடப் பாக்கலியே பாவி” என்று சொல்லிப் பேச்சித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் குலவை போட்டார்கள். டை கட்டிய பிள்ளைகள் கைதட்டினார்கள். நாற்பதில் கோமதிப்ரியா ஓலையை விலக்கி உள்ளே போனாள்.

உள்ளே நல்லெண்ணெய் வாசனையாக இருந்தது. பத்து நாளில் ரோபோ கொஞ்சம் சதை போட்டிருந்தது. அவள் தொட்டபோது தகரம் காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. “ஏட்டி, நான்தான்” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு விளக்குகளும் எரிந்தன.

ஆறு ஆள் தூக்கி வந்த குச்சு தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்பிக் கோட்டின் மேல் போயிற்று. ரோபோ உருள, அதன் பின்னால் கோமதிப்ரியா குனிந்து நடக்க, வளைவுகளில் ஓலை சரசரக்க, முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பாலம், சரிவு, கடைசி நேர்கோடு என்று எங்கேயும் தடுமாறாமல் முப்பத்தொரு விநாடியில் நடுவர்கள் மேசையருகே வந்து நின்றது. சுடலைமுத்து அழுதுவிட்டார். முதல் பரிசு பனையடிப்பட்டிக்கு என்றார்கள். மாநிலப் போட்டி இன்னும் பன்னிரண்டு நாளில் சென்னையில் என்றார்கள். வெளித்தோற்றத்தில் இயற்கைப் பொருள்களைப் பயன்படுத்தியதற்காகத் தனியாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

கோமதிப்ரியா சான்றிதழ்களோடு அம்மாவிடம் வந்தாள். பேச்சித்தாய் இதற்குள் கண்ணைத் துடைத்துக் கொண்டையை இறுக்கி முடிந்திருந்தாள்.

“சென்னையாவது ஒன்னாவது. பதினாறு நாள் உக்காரணும். முப்பத்தஞ்சு நாள் பாக்கி வச்சிருக்க. அதுக்குப் பெறகும் பஸ் ஏறுத சோலி கிடையாது, சொல்லிட்டேன்.”

“எங்க உக்காரணும்?”

“எங்கயா? கேக்கா பாரு கேள்வி. குச்சுலதான்.”

“புதுசா கட்ட ரெண்டு நாளாவும் மதினி” என்றார் சுடலைமுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “இப்போதைக்கு இதுலயே இருக்கட்டும். எல்லாத்துக்கும் ஒரே அளவுதான்.”

கோமதிப்ரியா சான்றிதழ்களைச் சொர்ணாவிடம் கொடுத்துவிட்டு, “சரிம்மா” என்று சொல்லி, குனிந்து உள்ளே போய், ரோபோவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஓலையை உள்ளிருந்து இழுத்து மூடிக்கொண்டாள். மகள் தன் பேச்சுக்கு இவ்வளவு சீக்கிரம் கட்டுப்பட்டுப் பேச்சித்தாய் பார்த்ததே இல்லை.

குச்சு எழும்பியது. கோடு அந்த மேசையோடு முடிந்துவிட்டது, குச்சு முடியவில்லை. அது அரங்கின் வாசலைத் தாண்டிச் சரிவில் இறங்கி, மரத்தடியில் நிறுத்தியிருந்த பஸ்களுக்கு நடுவே வழி பார்த்துப் போயிற்று. கல்லூரிக் காவலாளி எந்த வண்டிக்கும் தூக்குவதுபோலக் குறுக்குக் கம்பியைத் தூக்கிவிட்டார். நாற்கரச் சாலைக்கு வந்ததும் அது இடது ஓரமாக ஒதுங்கி, வேகமாக நடக்கிற ஒரு ஆளின் வேகத்தில், சென்னை என்று பலகை போட்டிருந்த பக்கம் திரும்பியது. பெண்கள் வேனைக் கூப்பிடத் திரும்பி ஓடினார்கள். பேச்சித்தாய் ஓடவில்லை. கையில் உளுந்தங்களித் தூக்குச்சட்டியோடு குச்சின் பக்கத்திலேயே நடந்தாள். கத்திக்கொண்டு நடந்தாள், கெஞ்சிக்கொண்டு நடந்தாள், கங்கைகொண்டான் தாண்டியதும் பேசாமல் நடந்தாள். வெயில் சாய்ந்தபோது ஓலையை விலக்கிச் சட்டியை நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

வயசுப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினாயாமே என்று இப்போதும் யாராவது கேட்டால் பேச்சித்தாய்க்குக் கோபம் வந்துவிடும். “யாரு அனுப்புனா? பதினாறு நாளும் எம்மவ குச்ச விட்டு வெளிய கால் வைக்கல” என்பாள். “நான் கூடவேதான நடந்தேன்.”